மகளின் புத்தகங்களைப் பூட்டி வைத்தேன், மகன் புத்தகத்தைத் தொடுகிறானே இல்லை

திருகோணமலை, உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கடிதம் நீளமானது, அதன் சாரம் இதுதான்:

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இவர் வீட்டில் தையல் வேலை செய்தபடி இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். மூத்தவள் தரம் 9. எந்நேரமும் கதைப்புத்தகம். போன தவணை கணிதத்தில் 71 எடுத்தவள் இந்தத் தவணை 58. ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் தடித்த காதல் நாவல், ரியூசன் தோழியிடம் இரவல் வாங்கியது. அதையும் வீட்டிலிருந்த மற்றக் கதைப்புத்தகங்களையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, “ஓ/எல் முடியும்வரைக்கும் இனி இல்லை” என்று சொல்லிவிட்டார். மூன்று வாரமாக மகள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

இளையவன் தரம் 4. அவன் நேர் எதிர். புத்தகத்தை எடுத்தால் வயிற்றுவலி. பாடப் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்புவிப்பான், கேள்வி கேட்டால் முழிப்பான். கரும்பலகையில் இருப்பதைப் பாதியோடு விட்டுவிட்டு வருகிறான். மாமாவோடு கடற்கரைக்குப் போனால் மட்டும் ஆள் வேறு. எந்த வலையில் எந்த மீன் படும் என்று மணிக்கணக்காகச் சொல்வான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. “ஒரு புத்தகம் வாசித்தால் 100 ரூபா” என்று சொல்லிப் பார்த்தார். சரிவரவில்லை. பிழை விட்டால் அந்தப் பக்கத்தைப் பத்துத் தரம் எழுத வைக்கிறார். அதுவும் சரிவரவில்லை.

கேட்பவை: மகளின் புத்தகங்களைப் பூட்டியது பிழையா, தாய்க்கு அந்த உரிமை இல்லையா? மகனின் சோம்பலை எப்படிப் போக்குவது? பாடப் புத்தகத்துக்கு மேல் கதைப்புத்தகம் உண்மையிலேயே வேண்டுமா? கடைசியாக, ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தால் ஒரே செலவில் ஆங்கிலமும் வந்துவிடாதா?

அன்புச் சகோதரி,

முதலில் சின்ன விஷயம் ஒன்றை முடித்துவிடுவோம். அலுமாரிக்குள் இருக்கும் அந்தத் தடித்த நாவல் உங்கள் மகளுடையது அல்ல, தோழியுடையது. தோழி அதை வேறு யாரிடமாவது வாங்கியிருக்கவும் கூடும். மூன்று வாரமாக ரியூசன் வகுப்பில் உங்கள் மகள் என்ன சாட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அவளுடைய மௌனம் முழுக்கக் கோபம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வெட்கமும் நிறையத் தெரிகிறது. இன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். “இது மற்றப் பிள்ளையின் பொருள், நான் வைத்திருக்கக் கூடாது” என்று சொன்னால் போதும். மற்றக் கதையெல்லாம் ஆறுதலாக.

இனிப் பெரிய விஷயம். ஒருத்தி கூட வாசிக்கிறாள், ஒருவன் வாசிக்கிறானே இல்லை. அவளைக் குறைக்க வேண்டும், இவனைக் கூட்ட வேண்டும் என்பது உங்கள் கணக்கு. கடிதத்தை இரண்டு தரம் வாசித்த பிறகும் எனக்கு அப்படித் தெரியவில்லை. மகளுக்கு இருப்பது நித்திரைப் பிரச்சினை. மகனுக்கு, நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், எழுத்தைக் கூட்டி வாசிப்பதிலேயே ஏதோ சிரமம் இருக்கிறது. அவளிடம் புத்தகத்தையும் இவனிடம் சோம்பலையும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய உதவி கிடைக்காமல் போய்விடும்.

கணிதப் புள்ளி எங்கே போனது?

மகளின் ஒரு நாளை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். காலை ஏழரை முதல் ஒன்றரை வரை பாடசாலை. இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை ரியூசன், கிழமையில் ஐந்து நாள். பிறகு குளிப்பு, சாப்பாடு, வீட்டுவேலை. ஒன்பதரை வரை பாடசாலைப் பயிற்சிகள். அதற்குப் பிறகுதான் நாவல், இரவு ஒரு மணி வரை. விடிய ஐந்துக்கு எழும்புகிறாள். ஆக நாலு மணி நேர நித்திரை. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவ நிபுணர்களின் சபை 2016இல் வகுத்த பரிந்துரை சொல்கிறது. இவளுக்குக் கிடைப்பது அதில் பாதி. இந்த நித்திரையோடு ஒரு பிள்ளை இரவிரவாகத் தேவாரம் பாடமாக்கினாலும் கணிதப் புள்ளி இறங்கத்தான் செய்யும்.

ஆகவே பிடுங்க வேண்டியது புத்தகத்தை அல்ல, ஒரு மணி வரை விழித்திருப்பதை. இரவு பத்து மணிக்கு விளக்கும் போனும் அணையட்டும். போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். அதற்குப் பதிலாக வாசிப்பதற்கு வெளிச்சத்தில் ஒரு நேரம் கொடுங்கள். ஐந்து நாள் ரியூசனில் ஒரு நாளை நிறுத்தினால் என்ன என்று கணவரோடு கதைத்துப் பாருங்கள். ‘எல்லாரும் போகினம், இவளும் போகட்டும்’ என்று சேர்த்துவிட்ட வகுப்பு ஒன்று எப்படியும் இருக்கும். மகளிடமே கேளுங்கள், எது என்று உடனே சொல்வாள்.

அப்புறம் அந்தக் கணித விடைத்தாளை வாங்கி மகளோடு இருந்து பாருங்கள். உங்களுக்குக் கணிதம் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்தக் கேள்விகளில் புள்ளி போயிருக்கிறது, அங்கே செய்கை தெரியவில்லையா, நேரம் போதவில்லையா, கேள்வியே விளங்கவில்லையா என்று மட்டும் கேளுங்கள். தரம் 9இல் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் கனக்கத் தொடங்கும். ஒரு அலகு விளங்காமல் போனால் அதற்கு மேல் வருவதும் ஆடும். அது அவளுடைய கணித ஆசிரியர் இரண்டு, மூன்று நாளில் சரிசெய்யக்கூடிய விஷயம்.

கேள்வி விளங்காமல் பிழைப்பது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு உதாரணம்: “ஒரு தாங்கியின் ஐந்தில் இரண்டு பங்குக்கு நீர் இருந்தது. 30 லீற்றர் எடுத்த பின் தாங்கியின் நாலில் ஒரு பங்கு நீர் எஞ்சியது. தாங்கியின் கொள்ளளவு யாது?” பின்னங்களைக் கழிக்கத் தெரிந்த பிள்ளைகளும் இதில் விழுவார்கள். நாலில் ஒரு பங்கு என்பது முழுத் தாங்கியிலா, இருந்த நீரிலா? ‘தாங்கியின்’ என்ற சொல்லைத் தாண்டி ஓடிய பிள்ளைக்குக் கணக்கு தொடங்கும் முன்பே பிழைத்துவிடும். நின்று வாசித்த பிள்ளை 200 லீற்றர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். அந்த நிதானம் பயிற்சிக் கொப்பியில் மட்டும் வருவதில்லை. ஒரு கதையை விடாமல் தொடர்ந்து, யார் யாருக்கு என்ன சொன்னார் என்பதை மனதில் பிடித்துக்கொண்டு வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அது கொஞ்சம் இலகு.

ஆய்வும் உங்கள் கணக்குக்கு மாறாகத்தான் இருக்கிறது. பிரித்தானியாவில் 1970இல் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவுகளை வைத்து, லண்டன் கல்வி நிறுவகத்தின் ஆலிஸ் சலிவனும் மத் பிரவுனும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 6,000 பேர். தங்கள் விருப்பத்துக்கு வாசித்த பிள்ளைகள் 10 வயதிலிருந்து 16 வயதுக்குள் சொல்வளத்திலும் எழுத்துக்கூட்டலிலும் மட்டுமல்ல, கணிதத்திலும் மற்றவர்களைவிடக் கூட முன்னேறியிருந்தார்கள். பெற்றோரின் படிப்பு, வசதி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். மிகப் பெரிய பலன் சொல்வளத்தில்தான். அது வேறு நாடு, வேறு மொழி. அதை வைத்து உங்கள் மகளுக்கு அடுத்த தவணை எத்தனை புள்ளி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதை வாசித்தால் கணிதம் கெடும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் எதுவும் இல்லை.

காதல் நாவல் என்பதுதானே உண்மையான கவலை?

கடிதத்தில் கணிதம் முதலில் வந்தாலும் உங்கள் கை நடுங்கியது அந்த நாவலின் அட்டையைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், மாதாமாதம் வரும் அந்த வகைக் குடும்பக் காதல் நாவல்களில் பெரும்பாலானவை எனக்கும் பிடிப்பதில்லை. ஒரே கதையைப் பெயர் மாற்றி எழுதியது போல இருக்கும். ஆனாலும் பதினான்கு வயதில் காதலைப் பற்றி ஒரு பிள்ளைக்கு ஆர்வம் வருவது புத்தகத்தால் அல்ல, வயதால். புத்தகத்தைப் பூட்டினால் ஆர்வம் பூட்டுப்படாது. அது போனுக்குப் போகும். அங்கேதான் எனக்குப் பயம்.

ஏனென்றால் இப்போது கதைகளை இலவசமாக வாசிக்கலாம் என்று வரும் செயலிகள் பலவற்றில் கதையோடு சேர்த்துக் கருத்துப் பகுதியும் தனிச் செய்தி அனுப்பும் வசதியும் இருக்கின்றன. ‘நல்லா எழுதுறீங்க’, ‘எந்த ஊர்’ என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து கதை கொடுப்பார்கள். அச்சுப் புத்தகம் ஒருநாளும் உங்கள் பிள்ளையின் படத்தைக் கேட்காது. ஆகவே இரண்டில் ஒன்றென்றால் அச்சுப் புத்தகம் ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. போனில் வாசிக்கிறாள் என்றால் எந்தச் செயலி, அதில் செய்தி வருமா, அவளுடைய உண்மையான பெயரும் படமும் இருக்கின்றனவா என்று சேர்ந்திருந்து பாருங்கள்.

உள்ளடக்கம் பற்றியும் கதைக்கலாம். அந்த நாவலை நீங்களும் வாசித்துப் பாருங்கள். தையலுக்கு நடுவில் இரண்டு அத்தியாயம் போதும். பல நாவல்களில் நாயகன் நாயகியை அதட்டுவான், கையைப் பிடித்து இழுப்பான், கடைசியில் அதற்குக் காதல் என்று பெயர் வைப்பார்கள். “இப்படி ஒருத்தன் உண்மையில் நடந்தால் நீ என்ன செய்வாய்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். புத்திமதியாகச் சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு தாய்க்கும் பதின்ம வயது மகளுக்கும் இடையில் அந்தக் கதை தொடங்குவதற்கு இதைவிடச் சங்கடம் குறைந்த வழி எனக்குத் தெரியாது.

தாய்க்கு உரிமை இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. வயதுக்கு ஒவ்வாத ஒன்றை “இப்போது வேண்டாம்” என்று சொல்லவும், காரணத்தை விளக்கவும் உங்களுக்கு உரிமையும் பொறுப்பும் உண்டு. ஆனால் இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் பொழுதுபோக்கும் உரிமை என்கிறது. சிறுவர் நூல்கள் உருவாகிப் பரவுவதை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று 17ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. வழிகாட்டுவது பெற்றோரின் வேலை, ஆனால் அது பிள்ளையின் வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ப இருக்க வேண்டும் என்பது 5ஆம் உறுப்புரை. இதற்காக யாரும் உங்களைச் சட்டத்தின் முன் நிறுத்தப் போவதில்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன். ஓ/எல் வரை என்றால் இரண்டு வருடத்துக்கு மேல். ஒரு நாவலுக்காக வீட்டிலிருந்த எல்லாப் புத்தகங்களையும் அவ்வளவு காலத்துக்குப் பூட்டுவது வழிகாட்டல் அல்ல, தண்டனை. அதுவும் போர்வைக்குள் ஒளித்து வாசித்ததற்கான தண்டனையைப் போன வருடம் தமிழ்த்தினப் போட்டியில் பரிசாகக் கிடைத்த புத்தகமும் சேர்ந்து அனுபவிக்கிறது.

திறந்து கொடுங்கள். காதல் நாவலுக்கு அப்பால் அவளை மெல்ல நகர்த்த விரும்பினால் உங்கள் மாவட்டத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் குறிப்பிடும் நூலை 1895இல் வெளியிட்ட தி.த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். மூதூரில் பிறந்த வ.அ. இராசரத்தினம் இந்தக் கரையோரத்து மனிதர்களைச் சிறுகதைகளில் கொண்டுவந்தவர். தன் ஊர் மண்ணும் கடலும் அச்சில் வரும்போது பிள்ளைகளுக்கு ஏற்படும் ஆச்சரியம் தனி. வற்புறுத்த வேண்டாம். கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பாடப் புத்தகம் போதாதா?

சுருக்கமாகச் சொன்னால், போதாது. அரசாங்கம் 1980இலிருந்து பாடப் புத்தகங்களை இலவசமாகத் தருவது பெரிய விஷயம்தான். ஆனால் பாடப் புத்தகத்தைப் பிள்ளை பரீட்சைக்காக ஒரு வருடம் முழுக்கத் திருப்பித் திருப்பி வாசிக்கிறது. அதில் புதிதாகச் சந்திக்கும் சொற்களும் வாக்கியங்களும் கொஞ்சம். வீட்டில் நாங்கள் பேசும் தமிழுக்கும் வினாத்தாளில் வரும் தமிழுக்கும் தூரம் அதிகம். அந்தத் தூரத்தைப் பிள்ளை தெரியாமலேயே கடப்பது கதைகளில்தான். ஓ/எல் தமிழ் வினாத்தாளில் முன்பின் பாராத ஒரு பந்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும்போது இது தெரியும்.

பணத்தைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட்டிருப்பதால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சீ.டி., 15 வயது மாணவர்களிடம் 2000ஆம் ஆண்டு நடத்திய பீசா சோதனையின் பெறுபேறுகளை 2002இல் விரிவாக ஆராய்ந்தது. பெற்றோரின் தொழில் நிலை மிகக் குறைவாக இருந்தும் வாசிப்பில் ஊறிப்போன பிள்ளைகள் சராசரியாக 540 புள்ளி எடுத்திருந்தார்கள். அந்த நாடுகளின் பொதுச் சராசரி 500. வசதியான வீட்டிலிருந்து வந்தும் வாசிக்காத பிள்ளைகள் இவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். “நான் ஓ/எல் வரைதான் படித்தேன், என்னால் என்ன செய்ய முடியும்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு இதுதான் என் பதில்.

சோம்பல் என்று முடிவு கட்டும் முன்

இப்போது சின்னவனிடம் வருவோம். எனக்கு அவசரமாகப் படுவது இவன்தான்.

பாடமாக்கியதைக் கடகடவென்று சொல்வான், புதிதாக வந்தால் திணறுவான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிப்பான். வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி. ஆனால் வாயால் கதைக்கும்போது ஆளை அசத்துவான். இது சோம்பேறிப் பிள்ளையின் படம் அல்ல. ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகும் ஒரு வேலையிலிருந்து தப்பப் பார்க்கும் பிள்ளையின் படம். எந்த வலையில் எந்த மீன் படும் என்று கற்றுக்கொண்ட மூளைக்கு விளங்கும் திறன் குறைவு என்று யார் சொல்வது?

முதலில் கண். கரும்பலகையில் இருப்பதைப் பாதியோடு விட்டுவிட்டு வருகிறான் என்கிறீர்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது சொன்னார்களா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சொல்லாவிட்டாலும் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்வையைச் சோதியுங்கள். அரச வைத்தியசாலை, காசு இல்லை. ஒரு காலைப் பொழுது போகும், அவ்வளவுதான். காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணும் காதும் சரி என்றால் வீட்டில் ஒரு சின்னச் சோதனை. தமிழில் இல்லாத சில சொற்களை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள்: தமோலி, கெபுறு, ஞாடிகை, சோணுவை. ‘மீன்களுக்கு நான் வைத்த பகிடிப் பெயர்’ என்று சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். இவற்றைப் பாடமாக்கியிருக்கவும் முடியாது, ஊகிக்கவும் முடியாது. இங்கே திணறினால் எழுத்தை ஒலியாக்குவதில் சிக்கல். இவற்றைச் சரியாக வாசித்துவிட்டு, ஆனால் ஒரு புதிய கதையை வாசித்ததும் என்ன நடந்தது என்று சொல்ல முடியவில்லை என்றால், சிக்கல் சொல்வளத்திலும் விளக்கத்திலும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரண்டாவது வகைப் பிள்ளைக்கு நாங்கள் நிறைய வாசித்துக் காட்டிக் கதைக்க வேண்டும். முதலாவது வகைப் பிள்ளைக்கு எழுத்துகளைத் திரும்ப அடியிலிருந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்து இலகு, எழுதியபடியே வாசிக்கலாம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அவ்வளவு இலகு இல்லை. ‘கொ’ என்று வாசிக்க, முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் அரவையும் சேர்த்துப் பிடித்து நடுவில் உள்ள ககரத்தை ஒலிக்க வேண்டும். கு, சு, து, நு ஆகிய நான்கிலும் ஒரே உகரம்தான், ஆனால் வடிவம் ஒன்றுபோல இல்லை. தரம் 1, 2இல் இது பிடிபடாமல் வந்த பிள்ளை தரம் 4இல் பாடமாக்கித் தப்பிக்கப் பழகிவிடும். உங்கள் மகன் அப்படித் தப்பி வந்தவனாக இருக்கலாம். டிஸ்லெக்ஸியா என்று சொல்லப்படும் வாசிப்பு இடர்பாடாகவும் இருக்கலாம். அதைக் கடிதத்தை வைத்து நானோ, வீட்டுச் சோதனையை வைத்து நீங்களோ தீர்மானிக்கக் கூடாது. வகுப்பாசிரியரோடு கதைத்து, வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் வழிகாட்டல் கேளுங்கள். வைத்தியசாலையில் பிள்ளை வைத்தியரிடமும் கேட்கலாம். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று பிந்தப் போட வேண்டாம். அது புத்திக் குறைவு அல்ல. சரியான முறையில் கற்பித்தால் அந்தப் பிள்ளைகளும் வாசிக்கப் பழகுவார்கள். எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

பத்துத் தரம் எழுதும் தண்டனையை இன்றோடு விட்டுவிடுங்கள். எழுத்து பிடிபடாத பிள்ளை அங்கே எழுதுவதில்லை, கோலம் போடுவது போலப் பார்த்து வரைகிறது. கையும் நோகும், வெறுப்பும் கூடும்.

100 ரூபாவும் வேண்டாம். அமெரிக்காவில் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் 1973இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. படம் வரைய ஆசைப்பட்ட பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். பிடித்த வேலைக்கே கூலி இப்படிச் செய்கிறது. உங்கள் மகனுக்கோ வாசிப்பு இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை. அவன் கெட்டிக்காரன், இருப்பதில் மெல்லிய புத்தகத்தைத் தெரிந்து பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கையை நீட்டுவான்.

அதற்குப் பதில் இதைச் செய்து பாருங்கள். மாமாவோடு போய் வந்த கதையை அவன் சொல்லட்டும். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள், அவன் வாயில் வந்தபடியே. கீரி, சூடை, பாரை, அறக்குளா எல்லாம் வரட்டும். கோட்டைப் பக்கம் திரியும் மான் ஒன்று யாருடைய சாப்பாட்டுப் பையையோ இழுத்துக்கொண்டு ஓடிய கதை வந்தாலும் சரி. ஐந்தாறு வரி போதும். அடுத்த நாள் அதை அவனே வாசிக்கட்டும். தன் வாயால் வந்த வசனம் என்பதால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். எழுத்தில் மட்டும் கவனம் வைக்கலாம். பிழைத்தால் நீங்கள் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். நீங்கள் மெசினில் இருந்தபடியே கேட்கலாம். பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மாதக் கடைசியில் அந்தக் கொப்பியே ஒரு புத்தகம். அட்டைக்குப் படம் அவன் வரையட்டும்.

இன்னும் பத்து நிமிடம் நீங்களோ அக்காவோ அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அக்கா என்றால் இன்னும் நல்லது. கதையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, இவன் தகவல் கேட்கிற ஆள். திருகோணமலைக் கடலுக்கு வரும் நீலத் திமிங்கிலம், புறாத்தீவின் பவளப்பாறைகள், 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் நீருக்குள் இறங்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டது என்று அவனுக்கு வேண்டியது இந்த ஊரிலேயே நிறைய இருக்கிறது.

புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையிடம் மாதிரி வினாத்தாள்களைக் குவித்துப் பலனில்லை. வாசிப்பு வந்தால் வினாத்தாள் தானாக இலகுவாகும். அடுத்த வருடத்துக்குள் வராவிட்டால் அந்த ஒரு பரீட்சையோடு வாழ்க்கை முடிவதுமில்லை.

புத்தகம் எங்கே?

2022 நெருக்கடிக்குப் பிறகு புத்தக விலை எப்படி ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். வாங்கிக் கட்டுப்படியாகாது. நகரின் பொது நூலகத்தில் இரண்டு பிள்ளைகளையும் அங்கத்தவராகச் சேருங்கள். என்ன ஆவணம் வேண்டும், யார் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுப் போனால் இரண்டாம் தரம் அலையத் தேவையில்லை. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலையிலும் நூலகத்திலும் போட்டி, கண்காட்சி என்று ஏதாவது நடக்கும், பிள்ளைகளை இழுக்க அது நல்ல சாட்டு. போனில் வாசிப்பதென்றால் 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, மகளுக்கு ஏற்றது. சின்னவனுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் படத்தோடு கூடிய தமிழ்க் கதைகள், வாசிப்புப் படிநிலை போட்டே இருக்கும். முதற் படியிலிருந்து தொடங்குங்கள், தரம் 4 என்று பார்க்க வேண்டாம்.

நூலகத்தில் அவரவர் புத்தகத்தை அவரவரே எடுக்கட்டும். சின்னவன் படம் மட்டும் உள்ள புத்தகத்தை எடுத்தால் வாயைத் திறக்காதீர்கள்.

ஆங்கிலப் புத்தகம் பற்றி

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழாது. தாய்மொழியில் எழுத்துக்கூட்டச் சிரமப்படும் பிள்ளையின் கையில் இன்னொரு மொழியின் எழுத்துகளைக் கொடுத்தால் சுமைதான் கூடும். மகனுக்கு இந்த வருடம் பாடசாலை ஆங்கிலம் போதும், அதற்கு மேல் ஆங்கிலக் கதைப்புத்தகம் வேண்டாம்.

மகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், தமிழ் வாசிப்பை நிறுத்தி அல்ல, அதோடு சேர்த்து. ஆனால் தரம் 9 என்பதற்காகத் தடித்த புத்தகமாக வாங்கிவிடாதீர்கள். எடுக்கும்போதே நடுவில் ஒரு பக்கத்தை விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், திருப்பி வைத்துவிட்டு அதைவிட இலகுவானதை எடுக்கட்டும். ஆங்கிலத்தில் 64 புள்ளி எடுக்கும் பிள்ளை தரம் 5, 6 பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கதைகளில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைக்க வேண்டாம், முதல் வாசிப்பில் கதை ஓடினால் போதும்.